பனிக்கடியும் பரிகாரமும்



கடுங்குளிரில் அகப்பட்டவரின் விரல்களும் மூக்கும் செவிகளும் உறைந்து கெடுவதைப் பனிக்கடி என்பர். உறைந்த உறுப்பு மரத்து, மெழுகுபோல் வெளுத்துவிடும். நோவு அப்பொழுது தெரியாது. உறைவு நீங்கும்போதே தெரியும். இதற்குப் பரிகாரம் யாது என்பதில் மருத்துவ உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு பெரியவரின் சொல்லையே நம்பியிருந்தது.

அப்பெரியவர், நெப்போலியனின் படையிற் சத்திரவைத்தியராக விளங்கிய டொமினிக் லாறே. காயமுற்றோரைக் களத்திலிருந்து விரைவாக எடுத்துச்செல்லும் வண்டிகளை அமைத்தவர் அவர். 1812 ஆம் ஆண்டு பிரெஞ்சுப் படை உருசியாவிலிருந்து பின்வாங்கியபோது பல்லாயிரவர் குளிருக்கு இரையாயினர். வீரர்கள் உறைந்த கைகால்களை நெருப்பருகே நீட்டிக் காய்ந்தனர், அவ்வுறுப்புகள் அழுகின. இதைக் கண்ட லாறே, வெப்பமே பகை என முடிவு செய்தார். உறைந்த உறுப்பைப் பனியால் தேய்த்து மெல்ல மெல்ல இளக்குக என விதித்தார்.

அவர் கண்டது மெய். ஆனால், கேடு விளைத்தது வெப்பம் ஒன்று மட்டுமோ? மரத்த கால் தீயின் சூட்டை உணராமையால் வெந்தும் போயிற்று. இரவில் இளகிய கால், மறுநாள் நடையில் மீண்டும் உறைந்தது. இவ்வாறு மீண்டும் உறைவது முன்னதினும் கொடிது என்பதை இன்று அறிவோம். இவற்றைப் பிரித்துப் பார்க்க அப்போர்க்களத்தில் அவகாசம் ஏது? பின்வந்தோர்க்கு அவகாசம் இருந்தது. எனினும் அவ்வழக்கம் நூலுக்கு நூல் தொடர்ந்தது. நைந்த தசை தேய்ப்பினால் மேலும் நைந்தது.

1930களில் சோவியத் நாட்டின் கிர்கோலாவ் என்னும் வைத்தியர் விரைந்து இளக்குதலே நன்று என வாதிட்டார். அலாஸ்காவின் வில்லியம் மில்ஸ் 1960, 1961 ஆம் ஆண்டுகளில் தம் அனுபவத்தை வெளியிட்டபின், வெந்நீர்முறை மேனாடுகளில் நிலைபெற்றது. இன்று, உறைந்த உறுப்பை 37 முதல் 39 பாகை சென்ரிகிரேட் வெப்பமுள்ள நீரில், நிறம் சிவந்து தோல் மிருதுவாகும்வரை அமிழ்த்துவர். நோவு தணிக்க மருந்தும் கொடுப்பர். தேய்த்தல் கூடாது. மீண்டும் உறையக்கூடிய இடத்தில் இளக்குதலும் கூடாது.

சத்திர சிகிச்சையிலும் பொறுமையே விதியாயிற்று. கறுத்த விரலின் அடியில் உயிருள்ள தசை மறைந்திருக்கலாம். செத்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் எல்லை தெளியப் பல வாரங்கள், சிலவேளை மாதங்கள் செல்லும். சனவரியில் உறைந்ததை யூலையில் வெட்டுக என்பது சத்திரவைத்தியரிடையே வழங்கும் முதுமொழி. நச்சுக்கிருமி பரவினாலன்றி விரைந்து கத்தி எடார்.

இளகியபின் நுண்ணிய குருதிக் குழாய்கள் அடைபடுவதும் உறுப்புச் சாவதற்குப் பெருங்காரணமாகும். ஆகவே குழாய்களை விரிக்கும் ஐலோபுரொஸ்ற் என்னும் மருந்தைப் பிரான்சிய வைத்தியர் ஆராய்ந்து 2011 இல் முடிவை வெளியிட்டனர். ஆய்வுக்குட்பட்ட 47 பேருள் அம்மருந்தைக் கட்டியைக் கரைக்கும் மருந்தின்றிப் பெற்ற 16 பேரில் ஒருவர்க்கேனும் விரல் வெட்ட நேரவில்லை. அமெரிக்க அரசு 2024 இல் அதற்கு அனுமதி வழங்கிற்று.

லாறேயின் பெயர் பாரிசு நகரின் வெற்றி வளைவிற் பொறிக்கப்பட்டுள்ளது, அது தகும். அவர் சொல்லை நம்பிப் பனியால் தேய்க்கப்பட்டு விரலிழந்தோரின் பெயர்கள் எக்கல்லிலும் இல்லை. பெரியோர் கண்டதைப் போற்றுவோம். அவர் கூறிய காரணத்தை மீளவும் ஆராய்வோம்.