தாய்க்குப் பின் ஒரு தாய்: அன்னை உம்மு அய்மன் (ரலி)



அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தந்தை அப்துல்லாஹ் இளவயதிலேயே இறந்து போனார். அவர் விட்டுச் சென்ற உடைமைகளை வரலாற்றாசிரியர் இப்னு ஸஅத் குறித்து வைத்துள்ளார். ஐந்து ஒட்டகங்கள், ஒரு சிறு ஆட்டு மந்தை, பரகா என்னும் அபிசீனிய அடிமைப் பெண். அவ்வளவுதான். அக்காலத்து வழக்கப்படி அந்தப் பெண்ணும் ஒட்டகங்களோடும் ஆடுகளோடும் சேர்த்து எண்ணப்பட்ட ஒரு சொத்தே. அந்த ஒட்டகங்கள் என்னவாயின என்று இன்று எவரும் கேட்பதில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நாம் 'ரலியல்லாஹு அன்ஹா' என்று துஆச் செய்கிறோம். அவர்கள்தாம் அன்னை உம்மு அய்மன் (ரலி).

தந்தையின் முகத்தையே காணாத ஒரு குழந்தைக்கும், சொந்த நாட்டையும் சொந்த உறவுகளையும் இழந்த ஓர் அடிமைப் பெண்ணுக்கும் இடையே மலர்ந்த நேசம் இது. அறுபது ஆண்டுகளை எட்டிய அந்த நேசத்தைப் பற்றி நம் பிள்ளைகளிடம் நாம் போதிய அளவு பேசுவதில்லை.

அண்ணலாருக்கு ஆறு வயதானபோது, அன்னை ஆமினா தம் மகனை அழைத்துக்கொண்டு யத்ரிபுக்குப் பயணமானார்கள். பிற்காலத்தில் மதீனா என்று பெயர் பெற்ற ஊர் அது. பணிப்பெண் பரகாவும் உடன் சென்றார்கள். பனூ நஜ்ஜார் குலத்து உறவினர்களிடம் ஒரு மாதம் தங்கினார்கள். குழந்தைக்கு அது மகிழ்ச்சியான காலம். பல ஆண்டுகளுக்குப் பின் ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த நபி (ஸல்) அவர்கள், அந்த வீட்டைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு, தம் தாயார் தம்மோடு தங்கிய இடம் இது என்றும், அங்குள்ள கிணற்றில்தான் தாம் நன்றாக நீந்தப் பழகியதாகவும் கூறியிருக்கிறார்கள்.

மக்காவுக்குத் திரும்பும் வழியில் அப்வா என்னும் இடத்தில் அன்னை ஆமினா நோயுற்று மறைந்தார்கள். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். பாலை வழியில் இப்போது எஞ்சியிருந்தவர்கள் ஆறு வயதுக் குழந்தையும் பரகாவும். அந்தக் குழந்தையை மக்காவுக்கு அழைத்து வந்து பாட்டனார் அப்துல் முத்தலிபிடம் சேர்த்தவர்கள் பரகாதாம். வழியில் குழந்தை என்ன கேட்டது, அவர்கள் என்ன சொல்லித் தேற்றினார்கள் என்று நூல்கள் சொல்லவில்லை. தாயை இழந்த குழந்தையை ஒருநாளாவது பார்த்துக்கொண்டவர்களுக்கு அது சொல்லாமலே விளங்கும்.

பாட்டனார் அந்தப் பேரரைத் தனித்தன்மை வாய்ந்த பிள்ளையாகக் கண்டார். கஅபாவின் நிழலில் அவருக்காக விரிக்கப்படும் விரிப்பில் அவருடைய சொந்தப் பிள்ளைகளும் அமரத் தயங்குவார்கள். பேரர் வந்து அமர்ந்தால் மட்டும் தடுக்க வேண்டாம் என்பார். ஒருநாள் குழந்தையை இலந்தை மரத்தருகே வேறு சிறுவர்களோடு கண்டவர், தம் மகனை விட்டுக் கவனம் சிதற வேண்டாம் என்று பரகாவை எச்சரித்ததாக இப்னு ஸஅத் பதிவு செய்கிறார். குரைஷித் தலைவரின் கண்ணின் மணியைக் காக்கும் பொறுப்பு ஓர் அடிமைப் பெண்ணின் கையில் இருந்தது.

அந்த நிழலும் நெடுநாள் நீடிக்கவில்லை. அண்ணலாருக்கு எட்டு வயதானபோது பாட்டனாரும் மறைந்தார். அவரது ஜனாஸாவுக்குப் பின்னால் அந்தச் சிறுவர் அழுதுகொண்டு நின்றதைத் தாம் பார்த்ததாக உம்மு அய்மன் (ரலி) பிற்காலத்தில் சொன்னார்கள். பெரியவர்கள் அனைவரும் இறந்த தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், அவர்களின் கண்கள் அழுகின்ற குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பிறகு பெரிய தந்தை அபூதாலிபின் வீடு. அன்பு நிறைந்த வீடு, ஆனால் பிள்ளைகள் அதிகம், வசதி குறைவு. அந்நாட்களைப் பற்றி உம்மு அய்மன் (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தி நம் நெஞ்சை உருக்குகிறது. அண்ணலார் சிறுவயதிலும் சரி, வளர்ந்த பின்பும் சரி, பசி என்றோ தாகம் என்றோ முறையிட்டதைத் தாம் கண்டதில்லை என்கிறார்கள். காலையில் போய் ஸம்ஸம் நீரை அருந்திவிட்டு வருவார்களாம். உணவு எடுத்து வைத்தால், தமக்கு வேண்டாம், வயிறு நிறைந்திருக்கிறது என்பார்களாம்.

கேட்டுப் பெறும் பிள்ளையின் பசி எல்லோருக்கும் தெரியும். கேட்காத பிள்ளையின் பசியை அறிய, அந்தப் பிள்ளையை அன்றாடம் உற்றுநோக்கும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக உம்மு அய்மன் (ரலி) இருந்தார்கள். அநாதையாக இருந்த தம் தூதருக்குத் தானே புகலிடம் அளித்ததை அல்லாஹ் அள்ளுஹா அத்தியாயத்தில் நினைவூட்டுகிறான். அந்தப் புகலிடம் சில சமயம் பாட்டனாரின் விரிப்பாகவும், சில சமயம் ஒரு பணிப்பெண்ணின் கையிலிருந்த உணவுத் தட்டாகவும் வந்தது.

அன்னை கதீஜா (ரலி) அவர்களை மணமுடித்தபோது, அண்ணலார் பரகாவை விடுதலை செய்தார்கள். அவர்கள் உபைத் என்பவரை மணந்து அய்மன் என்ற மகனைப் பெற்றார்கள். உம்மு அய்மன் என்ற பெயர் அதனால் வந்தது. பின்னர் ஸைத் பின் ஹாரிஸா (ரலி) அவர்களை மணந்து உஸாமாவைப் பெற்றார்கள். உரிமை கிடைத்த பின்பும் உறவு அறுந்துவிடவில்லை. அண்ணலார் அவர்களைத் தாயே என்று அழைப்பார்கள். தம் குடும்பத்தில் எஞ்சியிருப்பவர் இவர் என்று பிறரிடம் சொல்வார்கள். அரபு மொழி அவர்களின் நாவுக்கு முழுதும் வசப்படவில்லை. ஸலாம் சொல்லும்போது சொற்கள் பிறழ்ந்து பொருளே மாறிவிடும். அதற்காக யாரும் நகைக்க இடம் தராமல், வெறுமனே 'ஸலாம்' என்று மட்டும் சொன்னால் போதும் என்று அண்ணலார் சலுகை தந்தார்கள்.

இனி மதீனாவில் நடந்த ஒரு நிகழ்வு. ஸஹீஹ் முஸ்லிமில் அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் உம்மு அய்மனின் வீட்டுக்குச் சென்றார்கள். அனஸும் உடன் சென்றார்கள். அன்னை ஒரு பாத்திரத்தில் பானம் கொண்டு வந்து கொடுத்தார்கள். நோன்பு வைத்திருந்தார்களோ, விருப்பம் இல்லையோ, நபியவர்கள் அதை அருந்தவில்லை. உடனே அன்னை குரலை உயர்த்திக் கடிந்துகொள்ளத் தொடங்கிவிட்டார்கள்!

அருகில் இருந்த இளைஞர் அனஸுக்கு அது வியப்பாக இருந்திருக்கலாம். அரபகமே கட்டுப்படும் இறைத்தூதரை ஒரு மூதாட்டி திட்டுகிறார், அவர்களும் பொறுத்துக்கொள்கிறார்கள். ஆனால் மக்காவில், உணவை நீட்டும்போதெல்லாம் வயிறு நிறைந்திருக்கிறது என்று சொன்ன அந்தச் சிறுவரை நாம் நினைவிற்கொண்டால், இந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது புரியும். அன்னையின் கண்ணுக்கு முன்னால் அமர்ந்திருந்தவர் இன்னும் அந்தப் பிள்ளைதாம்.

மற்றொரு நிகழ்வும் நூல்களில் உண்டு. அனஸின் தாயார் அன்பளித்த பேரீச்ச மரங்களை அண்ணலார் உம்மு அய்மனுக்கு வழங்கியிருந்தார்கள். கைபர் வெற்றிக்குப் பின், முஹாஜிர்கள் அன்சாரிகளின் மரங்களைத் திருப்பிக் கொடுத்தபோது, அனஸ் (ரலி) தம் வீட்டாரின் மரங்களைக் கேட்டு வந்தார்கள். அன்னையோ அனஸின் கழுத்தில் துணியைப் போட்டுப் பிடித்துக்கொண்டு, எனக்குத் தந்ததை உனக்குத் தரமாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். அண்ணலார் அதட்டவில்லை, தமது உரிமையைக் காட்டவில்லை. இதற்குப் பதிலாக இவ்வளவு தருகிறேன் என்றார்கள். மாட்டேன் என்றார்கள் அன்னை. இன்னும் இவ்வளவு என்றார்கள். ஏறத்தாழ பத்து மடங்கு தரும்வரை அந்தப் பேச்சு நீண்டது. வளர்த்தவரின் பிடிவாதத்தையும் பரிவோடு தாங்கிக்கொள்ளும் பிள்ளையை இதில் காண்கிறோம்.

உம்மு அய்மன் (ரலி) வீட்டோடு நின்றவர்கள் அல்லர். உஹதுக் களத்தில் தாகித்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். காயமுற்றவர்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். மூத்த மகன் அய்மன் ஹுனைன் போரில் ஷஹீதானார். இளைய மகன் உஸாமாவையோ, இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே, மூத்த நபித்தோழர்களும் இடம்பெற்ற படைக்குத் தளபதியாக அண்ணலார் நியமித்தார்கள்.

அண்ணலாரின் மறைவுக்குப் பின் ஒருநாள் அபூபக்ர் (ரலி) உமர் (ரலி) அவர்களிடம், நபியவர்கள் சென்று சந்தித்து வந்ததைப் போல நாமும் உம்மு அய்மனைச் சந்திக்கச் செல்வோம் என்றார்கள். இருவரும் சென்றபோது அன்னை அழுதார்கள். அல்லாஹ்விடம் இருப்பது அவன் தூதருக்கு மேலானதல்லவா என்று தேற்றினார்கள். அது தமக்குத் தெரியாமல் இல்லை. வானிலிருந்து வஹீ வருவது நின்றுவிட்டதே என்றுதான் அழுகிறேன் என்றார்கள் அன்னை. அதைக் கேட்டு அவ்விருவரும் அழலானார்கள். ஒரு காலத்தில் சொத்துக் கணக்கில் எண்ணப்பட்ட பெண்ணின் வீட்டில், கலீஃபாவும் அடுத்துக் கலீஃபாவாக வரவிருந்தவரும் அமர்ந்து அழுகிறார்கள்.

இந்த வரலாற்றை நாம் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறோம். ஆனால் இதன் பொருளை நமக்கு உணர்த்தியது ஒரு சிறுவன். சில ஆண்டுகளுக்கு முன் நம் ஹிஃப்ள் வகுப்பில் இருந்தான். கூர்மையான பிள்ளை, இரண்டு பக்கங்களை ஒரே நாளில் பிழையின்றி ஒப்புவிப்பான். யாருடனும் சேரமாட்டான். சாப்பாட்டு நேரத்தில், "பசிக்கல ஹஜ்ரத்" என்பான். நாமோ அதைப் பேணுதல் என்று எண்ணிப் பாராட்டினோம். விடுதியில் சமைக்கும் அம்மாதான் தட்டோடு அவன் அருகில் உட்கார்ந்து, அவன் உண்ணும்வரை திட்டிக்கொண்டிருப்பார். அவனுக்குத் தாய் இல்லை என்பதையே அவர் சொல்லித்தான் நாம் அறிந்தோம்.

அவன் ஸனது பெற்ற நாளில் ஆசிரியர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் சால்வை போர்த்தினோம். அந்த அம்மா சமையலறையில் நெய்ச்சோறு ஆக்கிக்கொண்டிருந்தார். அவரை மேடைக்கு அழைக்க நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேடையை விட்டு இறங்கிய பையன் மட்டும் நேராகச் சமையலறைக்குப் போனான்.

அபூபக்ர் (ரலி) அறிந்திருந்ததை, இத்தனை ஆண்டுகள் ஓதிக்கொடுத்த நாம் அன்று மறந்திருந்தோம். நம் பிள்ளைகளைக் குளிப்பாட்டிய, ஊட்டிய, காய்ச்சலில் கண்விழித்த ஒருவர் எங்கோ இருக்கக்கூடும். சம்பளம் கொடுத்ததோடு கடன் தீர்ந்தது என்று எண்ணியிருப்போம். இந்த வாரம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஒருமுறை சென்று வருவோம். அவர் எடுத்து வைப்பதை மறுக்காமல் உண்போம், திட்டினால் கேட்டுக்கொள்வோம்.

நம்மை வளர்த்த கைகள் அனைத்திற்கும் அல்லாஹ் அருள் புரிவானாக! கேட்காத பிள்ளையின் பசியை அறியும் கண்களை நமக்கும் தருவானாக! ஆமீன்.