கணக்கில் வராத வெற்றிகள்



அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பழைய கணக்குப் புத்தகம் ஒன்றை ஒரு சமயம் நான் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு பந்தெறிபவரின் பெயருக்கு எதிரே இரண்டு எண்கள் இருந்தன: வெற்றி 28, தோல்வி 31. ‘எத்தனையோ நடுத்தர ஆட்டக்காரர்களில் இவரும் ஒருவர் போலும்’ என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அந்த மனிதரின் வரலாற்றைப் பிற்பாடு படித்தபோதுதான், அன்று நான் எவ்வளவு பெரிய தவறு செய்தேன் என்பது விளங்கிற்று. அவர் பெயர் லீராய் பெய்ஜ். உலகம் அவரைச் சாட்செல் பெய்ஜ் என்றே அறியும்.

கிரிக்கெட்டில் பழகிய நமக்கு, பந்தெறிபவரின் தொழிலைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுவது நலம். கிரிக்கெட்டில் இரு விக்கெட்டுகளுக்கும் இடையே 66 அடி தூரம். பேஸ்பாலில் பந்தெறிபவர் நிற்கும் இடத்துக்கும் அடிப்பவரின் தளத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். ஓடி வந்து வீசும் வழக்கம் அங்கு இல்லை. பந்து தரையில் பட்டு எழுவதும் இல்லை. நின்ற இடத்திலிருந்து முழங்கையை மடக்கி, தோளின் வலிமை முழுவதையும் கூட்டி எறியவேண்டும். ஆகையால் தோளும் முழங்கையுமே அவனுடைய மூலதனம். அவை கெட்டால் பிழைப்பும் கெட்டது.

பெய்ஜ் 1906-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் அலபாமா மாநிலத்து மொபீல் நகரில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதில் ரயில் நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சுமந்து சில்லறை சம்பாதித்ததனால், தோல் பை என்று பொருள்படும் ‘சாட்செல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது என்பர். பன்னிரண்டாம் வயதில் ஒரு சிறு திருட்டுக்காகச் சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, ஐந்து ஆண்டுக்கு மேல் அங்கே இருந்தார். பந்தெறியும் கலையை அவர் கற்றது அங்கேதான். 1926-இல் சாட்டனூகா நகரத்துக் கறுப்பினக் குழு ஒன்றில் கூலிக்கு ஆடத் தொடங்கினார்.

கறுப்பினக் குழு என்று ஏன் தனியே சொல்கிறேன்? பெரிய லீகுகளில் கறுப்பர் ஆடலாகாது என்று எழுதிய சட்டம் எதுவும் இல்லை. ஆனால் 1880-களிலிருந்து குழு முதலாளிகள் தமக்குள் ஓர் எழுதாத உடன்பாட்டைக் காத்து வந்தார்கள். எழுதிய சட்டத்தை வழக்காடி நீக்கலாம். எழுதாத சட்டத்தை எங்கே போய் எதிர்ப்பது? ஆகவே கறுப்பின மக்கள் தமக்கென்று தனி லீகுகளை நிறுவிக்கொண்டார்கள். அவற்றுள் நிலைபெற்ற முதல் லீக் 1920-இல் கான்சாஸ் நகரில் தோன்றிய நீக்ரோ தேசிய லீக். அங்கே பணம் குறைவு. ஆட்டக்காரர்கள் லீக் ஆட்டம் இல்லாத நாட்களில் பேருந்தில் ஏறி ஊர் ஊராய்ச் சென்று, கிடைத்த குழுவோடு ஆடி வயிறு வளர்த்தார்கள்.

அத்தகைய நாடோடி வாழ்க்கையில் பெய்ஜைப் போல் சுற்றியவர் எவரும் இல்லை. பர்மிங்காம், பிட்ஸ்பர்க் என்று குழு மாறினார். 1935-இல் வடக்கு டக்கோட்டாவின் பிஸ்மார்க் நகரில், வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஆடிய குழுவுக்குப் பந்தெறிந்து, விச்சிட்டா நகரில் நடந்த தேசியப் போட்டியை வென்று கொடுத்தார். 1937-இல் ஒப்பந்தத்தை உதறிவிட்டு, சர்வாதிகாரி துருஹியோ ஆண்ட டொமினிக்கன் குடியரசுக்குப் போய் அவர் பெயரால் அமைந்த நகரின் குழுவுக்கு ஆடினார். தோற்றால் உயிரோடு திரும்புவோமோ என்று அஞ்சியதாகப் பின்னாளில் அவரே கதை கதையாகச் சொன்னதுண்டு.

பெய்ஜிடம் குறையே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. கூடுதல் பணம் தருகிறேன் என்றால் கொடுத்த வாக்கை மறந்து கிளம்பிவிடுவார். நம்பியிருந்த குழுக்கள் தவித்தன. ஆனால் தகுதிக்குரிய அரங்கம் பூட்டப்பட்ட மனிதன், திறந்த கதவுகளையெல்லாம் தட்டிப் பார்த்தான் என்பதையும் நாம் நினைவில் கொள்ளவேண்டும்.

1938-இல் மெக்சிகோவில் ஆடும்போது பேரிடி விழுந்தது. ஓய்வின்றி எறிந்த தோள் வலி கண்டு, கையைத் தூக்கவும் முடியாத நிலை வந்தது. முப்பத்திரண்டாம் வயதில் அவர் கதை முடிந்தது என்றே எல்லோரும் எண்ணினர். கான்சாஸ் நகர மானார்க்ஸ் குழுவின் உரிமையாளர் வில்கின்சன் மட்டும் அவரைக் கைவிடவில்லை. ஊர் சுற்றும் தம் இரண்டாம் குழுவில் சேர்த்துக்கொண்டார். பெயரைக் கேட்டுக் கூட்டம் வந்தது. பெய்ஜ் மெதுவான பந்துகளை எறிந்து காலம் தள்ளினார். 1939-இல் தோள் குணமாயிற்று. வேகம் திரும்பியதோடு, வலிநாட்களில் கற்ற தந்திரங்களும் இப்போது கையில் இருந்தன. 1942-இல் மானார்க்ஸ் குழு ஹோம்ஸ்டெட் கிரேஸ் குழுவை நான்கு ஆட்டங்களிலும் வென்று நீக்ரோ உலகத் தொடரைக் கைப்பற்றியதில் அவர் பங்கு பெரிது.

அத்தொடரைப் பற்றி ஒரு கதை உண்டு. மாபெரும் அடிவீரரான ஜாஷ் கிப்சனை எதிர்கொள்ளும் ஆவலால், பெய்ஜ் வேண்டுமென்றே முன்னவர்களைத் தளங்களுக்கு நடக்கவிட்டு, பிறகு கிப்சனை மூன்று பந்துகளில் வெளியேற்றினாராம். கேட்க இனிமையான கதை. ஆனால் அக்காலப் பத்திரிகைகளின் ஆட்டக் குறிப்புகள் அப்படி நடக்கவிட்டதை உறுதிப்படுத்தவில்லை. வரலாறு பயில்வோர் இதை மனத்தில் கொள்ளவேண்டும். கணக்கு எழுதப்படாத இடத்தில் கதை வளர்கிறது. கதையை அப்படியே நம்புவதும் தவறு. கணக்கு இல்லை என்பதனால் மனிதரே இல்லை என்பதும் தவறு.

1947-இல் தடைச்சுவர் உடைந்தது. உடைத்தவர் மானார்க்ஸ் குழுவில் முன்பு பெய்ஜோடு ஆடிய இளைஞர் ஜாக்கி ராபின்சன். முதல்வராகத் தம்மை அழைக்கவில்லையே என்ற வேதனை பெய்ஜுக்கு இருந்தது. அவர் முறை மறு ஆண்டு வந்தது. 1948 ஜூலை 7 அன்று, சரியாகத் தம் நாற்பத்திரண்டாம் பிறந்தநாளில், கிளீவ்லாந்து குழுவில் ஒப்பந்தமானார். கூட்டம் சேர்க்கும் வேடிக்கை என்று சிலர் ஏளனம் செய்தனர். ஆகஸ்டு 20 அன்று கிளீவ்லாந்தில் 78,000-க்கு மேற்பட்டோர் முன்னிலையில், சிக்காகோ குழுவை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் 1-0 என்று வென்றார். ஏளனம் அடங்கிற்று. அவ்வாண்டு 6 வெற்றி, 1 தோல்வி. உலகத் தொடரில் பந்தெறிந்த முதல் கறுப்பினத்தவரும் அவரே.

பிறகு மறுபடியும் சரிவு. 1949-க்குப் பின் கிளீவ்லாந்து அவரை விடுவித்தது. 1951 முதல் 1953 வரை செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் என்னும் நலிந்த குழுவில் ஆடினார். 1952-இல் 12 ஆட்டங்களில் வென்று, அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானார். அதன்பின் பழையபடி ஊர்வழி ஆட்டங்கள். 1965 செப்டம்பர் 25 அன்று, ஐம்பத்தொன்பதாம் வயதில், கான்சாஸ் நகரக் குழுவுக்காக பாஸ்டன் குழுவை எதிர்த்து மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். ஓர் அடி மட்டுமே விழுந்தது; ஓட்டம் ஒன்றும் இல்லை. இத்தனைக்குப் பிறகும் ஓய்வூதியத்துக்கு 158 நாட்கள் குறைந்தன. அதை நிறைவு செய்யவே 1968-இல் அட்லாண்டா குழு அவரைச் சேர்த்துக்கொண்டது.

1971-இல் புகழ்மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. முதலில் கறுப்பின லீகுகளின் வீரர்களுக்குத் தனிப் பகுதி என்றார்கள். எதிர்ப்பு எழவே, ஏனையோருக்கு உரிய இடமே அவர்க்கும் தரப்பட்டது. 1982-இல் அவர் மறைந்தார். 1920 முதல் 1948 வரை நடந்த நீக்ரோ லீகுகளும் பெரிய லீகுகளே என்று 2020-இல் அறிவிக்கப்பட்டது. 2024-இல் அவற்றின் கணக்குகள் அதிகாரபூர்வப் பதிவில் சேர்ந்தன. பெய்ஜின் 28 வெற்றிகள் பன்மடங்காக உயர்ந்தன. ஆனாலும் எந்தப் பதிவிலும் ஏறாத சிற்றூர் மைதானங்களில் அவர் எறிந்த பந்துகளுக்கு இன்றும் கணக்கில்லை.

அன்று நான் பார்த்த 28, 31 என்னும் எண்கள் பொய்யல்ல. அவை நாற்பத்திரண்டு வயதுக்குப் பின் எறிந்த ஒருவரின் எண்கள், அவ்வளவுதான். அதற்கு முந்திய இருபது ஆண்டுகளை எண்ணவேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் வேறு. மாணவர்களே, நாளை நீங்கள் ஓர் அட்டவணையைக் காணும்போது, அதில் இருப்பதைக் கூட்டிப் பார்ப்பதோடு நில்லாதீர்கள். அதில் யாருடைய பெயர் எழுதப்படவில்லை, எழுதாமல் விட்டவர் யார் என்றும் கேளுங்கள்.