டவுன் நோய்க்குறியில் குறுகிய கால நினைவு

கேட்டதையோ பார்த்ததையோ சில நொடிகள் மனத்தில் நிறுத்தி வைக்கும் திறனே குறுகிய கால நினைவு. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களிடம் இது பொதுவாகக் குறைவு. ஆனால் எல்லாரிடமும் ஒரே மாதிரி குறைவதில்லை. 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் உண்டாகும் டவுன் நோய்க்குறி இதற்கு நல்ல சான்று.

சோதனை எளிது. நொடிக்கு ஒன்றாக ‘5, 2, 9’ என்று எண்களைச் சொல்லி, அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். சரியாக வந்தால் அடுத்த முறை ஓர் எண் கூடும். பெரியவர்கள் பெரும்பாலும் 6, 7 எண்கள் வரை தாக்குப்பிடிப்பர். டவுன் நோய்க்குறி உள்ள பலர் 3, 4-இல் நின்றுவிடுகிறார்கள். கார்சி சோதனை என்ற இன்னொரு சோதனையில் பேச்சுக்கே வேலையில்லை. பலகையில் ஒழுங்கின்றிப் பதித்த ஒன்பது கட்டைகளில் சிலவற்றை ஆய்வாளர் ஒவ்வொன்றாகத் தொடுவார்; எதிரில் இருப்பவரும் அதே வரிசையில் தொட வேண்டும். இதில் டவுன் நோய்க்குறி உள்ளவர்கள் தங்கள் மனவயதுக்கு (அறிவுத்திறன் எந்த வயதினருக்கு ஒப்பானதோ அந்த வயதுக்கு) ஏற்ற அளவில் செய்துவிடுகிறார்கள்.

7-ஆம் குரோமோசோமில் சிறு துண்டு விடுபடுவதால் வரும் வில்லியம்ஸ் நோய்க்குறியில் நிலைமை தலைகீழ்: எண்கள் வருகின்றன, கட்டைகளில் தடுமாற்றம். ஆய்வாளர்கள் பால் வாங், உர்சுலா பெல்லூகி இருவரும் 1994-இல் இந்த முரணை எடுத்துக்காட்டினர். ‘அறிவுத்திறன் குறைவு, ஆகவே நினைவும் குறைவு’ என்ற விளக்கம் இதன் முன் எடுபடாது.

டவுன் நோய்க்குறியில் செவித்திறன் குறைவும் பேச்சுத் தெளிவின்மையும் மிகுதி. எண்களைத் திருப்பிச் சொல்வதில் உள்ள குறைக்குக் காரணம் அவைதாம் என்று சொல்லவும் முடியவில்லை. விடையை வாயால் சொல்லாமல் விரலால் சுட்டச் சொன்னாலும் குறை நீங்குவதில்லை. மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்கப் பழக்கினால், பழக்கிய பணியில் மதிப்பெண் ஏறுகிறது. வேறு பணிக்கு அந்தப் பழக்கம் எளிதில் தொற்றுவதில்லை.

விதிவிலக்கும் உண்டு. டவுன் நோய்க்குறி இருந்தும் மூன்று மொழிகள் பேசிய ஓர் இத்தாலிய இளம்பெண்ணைப் பற்றி ஆய்வாளர்கள் வல்லார், பாப்பான்யோ இருவரும் 1993-இல் எழுதினர். எண்களை நினைவில் வைக்கும் திறன் அவருக்கு இயல்பாகவே இருந்தது.

இந்தக் குறை வீட்டிலும் தெரியும். “கைகால் கழுவிட்டு, சட்டையை மாத்திட்டு, பையை எடுத்துட்டு வா” என்று ஒரே மூச்சில் சொன்னால், டவுன் நோய்க்குறி உள்ள குழந்தை பையோடு மட்டும் வந்து நிற்கக்கூடும். அதைப் பிடிவாதம் என்று வீட்டார் நினைப்பதுண்டு. ஒவ்வொன்றாகச் சொல்வதும், மூன்றையும் படமாக வரைந்து சுவரில் ஒட்டுவதும் பயன் தருகின்றன. இதே போலக் கண்ணால் பார்ப்பதைத் துணைகொண்டு, பேச்சையே எழுத்தின் வழியாகக் கற்பிக்கும் முறையை இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் சூ பக்லி 1980-களில் வளர்த்தெடுத்தார்.