கிளப் பழக்கமில்லாத ஊரின் கிளப் பாட்டு

தமிழில் கிளப் பாட்டு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 2011-ல் யூடியூபில் பரவிய 'கிளப்புல மப்புல'. அதைப் பாடிய 'ஹிப்ஹாப் தமிழா' ஆதி சென்னைக்காரர் அல்ல, கோயம்புத்தூர்க்காரர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாட்டின் பெயரில் கிளப் இருக்கிறது, தாளத்திலும் கிளப் இருக்கிறது. ஆனால் பாட்டு முழுக்கக் கிளப்புக்குப் போகிறவர்களைக் கண்டிக்கிறது, அதிலும் குறிப்பாகக் குடிக்கிற பெண்களை! ஆட வைக்கிற பாட்டு, ஆடுகிறவர்களையே ஏன் திட்ட வேண்டும்?

இதற்கு விடை வேண்டுமானால், எந்த ஊர் எந்த இடத்தில் ஆடுகிறது என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்கத் தெற்கில்

ஹிப்-ஹாப் 1970-களில் நியூயார்க்கில் பிறந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களை அந்த உலகம் வெகுநாள் மதிக்கவில்லை. 1995-ல் நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் விருது விழாவில், அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழு விருது வாங்க மேடை ஏறியபோது கூட்டம் கூச்சலிட்டது. தெற்குக்கும் சொல்ல விஷயம் இருக்கிறது என்று அவர்கள் மேடையிலேயே பதில் கொடுத்தார்கள்.

ஆனால் தெற்கு என்பது ஒரே ரசனை அல்ல. அட்லாண்டாவில் இரவு விடுதிகள் அதிகம். அங்கே கூட்டமாகக் கத்திக்கொண்டு ஆடும் 'கிரங்க்' வளர்ந்தது. ஹூஸ்டனில் பாட்டு கேட்கும் இடம் கார். அங்கே 1990-களில் டிஜே ஸ்க்ரூ பாடல்களின் வேகத்தைக் குறைத்து, இழுத்து இழுத்து கேசட்டில் பதிந்து விற்றார். நியூ ஆர்லியன்ஸில் தெரு விருந்துகளும் குடியிருப்புகளும்தான் ஆடுகளம். அங்கே ஒருவர் குரல் கொடுக்க, கூட்டம் பதில் சொல்லும் 'பவுன்ஸ்' வந்தது. விடுதிக்கு ஒரு பாட்டு, காருக்கு ஒரு பாட்டு, தெருவுக்கு ஒரு பாட்டு!

தமிழில் ராப் வந்த வழி

தமிழ் சினிமாவில் ராப் பெரிதாகக் கேட்டது 1994-ல், 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' மூலம். ஏ.ஆர்.ரஹ்மான் இசை, சென்னைத் தெருவின் பேச்சு. ஆனால் தமிழ் ஹிப்-ஹாப்பைத் தனி இசையாக வளர்த்தவர்கள் மலேசியத் தமிழர்கள். யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோரின் 'வல்லவன்' ஆல்பம் 2006-ல் வந்தது. அதில் 'மடை திறந்து' பாடலுக்கு அடித்தளம், 'நிழல்கள்' (1980) படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டு. கோலாலம்பூரில் ராப் கேட்டு வளர்ந்த பிள்ளைகளையும் தமிழ்நாட்டில் ராஜா பாட்டு கேட்டு வளர்ந்தவர்களையும் அந்த ஒரு பாட்டு சேர்த்து வைத்தது. மறு ஆண்டே யோகி பி 'பொல்லாதவன்' படத்தில் பாடினார்.

கொங்கு நாட்டின் ஆடுகளம்

கோவையில் 'கிளப்' என்ற சொல்லுக்குப் பழைய அர்த்தம் வேறு. பெரியவர்களுக்கு அது காபி கிளப். கொஞ்சம் வசதியானவர்களுக்குச் சீட்டாடும் மனமகிழ் மன்றம். இரண்டிலும் யாரும் ஆடுவதில்லை! தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை 2003-ல் டாஸ்மாக் கைக்குப் போனது. சாதாரண ஆளுக்குக் குடி என்றால் டாஸ்மாக் பார்தான். நடனத்தோடு கூடிய குடி நட்சத்திர ஹோட்டலுக்குள் இருந்தது. அதன் நுழைவுச் செலவு சாதாரண மாணவனுக்குக் கட்டுப்படியாகாது.

அப்படியானால் கொங்கு இளைஞர்கள் எங்கே ஆடினார்கள்? மாரியம்மன் நோன்பில் கம்பம் நட்டதும் இரவில் அதைச் சுற்றி ஆடுவார்கள். கல்யாணத்திலும் தேர்த் திருவிழாவிலும் ஜமாப் செட் அதிர அதிர ஆடுவார்கள். கல்லூரி ஆண்டு விழாவில் ஆடுவார்கள். காந்திபுரத்திலிருந்து கிளம்பும் தனியார் டவுன் பஸ்ஸின் ஸ்பீக்கரில் பாட்டு கேட்பார்கள். இவை எல்லாம் ஊர் பார்க்கிற இடங்கள். மாமனும் சித்தப்பாவும் நிற்கிற இடங்கள். இருட்டு அறைக்குள் முகம் தெரியாமல் ஆடும் கிளப் அல்ல.

இந்தக் களத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. கம்பத்தைச் சுற்றி ஆடுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பெண்களுக்குக் கும்மி, அதுவும் ஒழுங்கான வரிசையில். பறை அடிக்கும் அருந்ததியரை ஊர் வேண்டி அழைத்தது, ஆனால் சமமாக நிற்க வைக்கவில்லை.

'கிளப்புல மப்புல' இந்தக் கண்ணோடு கிளப்பைப் பார்த்த பாட்டு. உள்ளே ஆடுகிறவனின் குரல் அதில் இல்லை, வாசலில் நிற்கும் உறவுக்காரரின் குரல் இருக்கிறது. அதனால்தான் கிளப்பே பார்க்காதவர்களும் அதை ரசித்தார்கள். அதனால்தான் பெண்களை மட்டும் குற்றவாளி ஆக்குகிறது என்ற எதிர்ப்பும் நியாயமாக எழுந்தது. ஆண் குடித்தால் பழக்கம், பெண் குடித்தால் பண்பாடு போய்விட்டது என்பது என்ன கணக்கு?

கிளப்பிலிருந்து மைதானத்துக்கு

2012-ல் 'ஹிப்ஹாப் தமிழன்' ஆல்பம், 2015-ல் 'ஆம்பள' படத்துக்கு இசை என்று ஆதி வளர்ந்தார். 2016-ல் ஜல்லிக்கட்டுக்காக வந்த 'டக்கரு டக்கரு', 2017 ஜனவரிப் போராட்டத்தில் ஊர் ஊராக ஒலித்தது. கோவை இளைஞர்கள் அப்போது கூடிய இடம் வ.உ.சி. மைதானம். திறந்த வெளி, பெரிய கூட்டம், ஊர்ப் பெருமை. கொங்கு ரசனைக்குப் பொருத்தமான களம் அதுதான். முக்கியமாக, அங்கே பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள், இரவிலும் இருந்தார்கள்.

சென்னையில் வேறு வழி. 2017-ல் தொடங்கிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் சேர்த்துச் சாதியைப் பற்றி நேராகப் பாடியது. சாவு வீட்டில் பிறந்த கானாவுக்கு யாரிடமும் நல்ல பெயர் வாங்க வேண்டிய தேவை இல்லை. கோவை ராப் தமிழ்ப் பெருமையைப் பாடியது, சென்னை ராப் அந்தப் பெருமைக்குள் யாருக்கு இடமில்லை என்று கேட்டது. இரண்டும் ஒரே மொழி, சுமார் 500 கிலோமீட்டர் தூரம்.

ஒரு ஊரின் ஆட்டப் பாட்டைப் புரிந்துகொள்ளத் தாளத்தை மட்டும் கேட்டால் போதாது. அந்த ஊர் எங்கே ஆடுகிறது, யாரை ஆட விடுகிறது, யாரை வேடிக்கை பார்க்க நிறுத்துகிறது என்றும் பார்க்க வேண்டும். கம்பத்தைச் சுற்றும் வட்டத்தில் பெண்களும், பறை அடிப்பவரின் பிள்ளைகளும் சமமாக ஆடும் நாளில், கோவையிலிருந்து இன்னொரு பாட்டு வரும். அதில் திட்டு இருக்காது.