கேசட் ஓரத்துல அந்தப் பள்ளம் எதுக்கு? பழைய வீடியோ கேம்களின் பிளாஸ்டிக் ரகசியங்கள்

போனில் ஒரு கேம் விளையாடணும்னா என்ன செய்வீங்க? பிளே ஸ்டோரில் தேடி, இன்ஸ்டாலை அமுக்கிட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வந்தா ரெடி. ஆனா, உங்க அண்ணன், அக்கா காலத்தில் கேம் என்பது கையில் பிடிக்கும் ஒரு பொருள். வீட்டுப் பரணில் பழைய டிவி கேம் ஏதாவது கிடந்தா தேடிப் பாருங்க. பக்கத்திலேயே மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். மேலே '9999 இன் 1' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். உள்ளே என்னவோ சில கேம்கள்தான். அதையே லெவல் மாத்தி மாத்தி நம்பர் போட்டு ஏத்தியிருப்பாங்க. அது தனிக்கதை.

இங்கிலீஷில் இதுக்குப் பெயர் கேட்ரிட்ஜ். நம்ம ஊரில் 'கேசட்'. தப்பா சொல்றோமோன்னு கூச்சப்பட வேண்டாம். இந்த டப்பாவை உலகத்துக்கே பழக்கிய ஜப்பானிலும் 'கசெட்டோ'ன்னுதான் சொல்றாங்க.

ஒரு கேசட்டைக் கையில் வெச்சுத் திருப்பிப் பாருங்க. ஒரு மூலையில் வெட்டு, பின்னால் ரெண்டு பள்ளம், ஓரத்தில் வரிவரியா கோடு. அழகுக்குன்னு நினைப்போம். ஆனா, அதில் பல பூட்டுகள். 'இந்த கேம் எந்த நாட்டில் ஓடணும், எந்த மெஷினில் ஓடக் கூடாது' என்பதை பிளாஸ்டிக்கிலேயே எழுதி வெச்சிருக்காங்க.

முதலில் பிறந்தது எது?

ஆரம்பத்தில் வீட்டு வீடியோ கேம் மெஷின்களில் கேமை மாத்தவே முடியாது. உள்ளே என்ன இருக்கோ அதோடு சரி. 1976-ல் அமெரிக்காவில் வந்த 'ஃபேர்சைல்டு சேனல் எஃப்' அதை மாத்தியது. மெமரி சிப்பை ஒரு டப்பாவுக்குள் அடைத்துத் தனியா விற்ற முதல் கன்சோல் இதுதான். அதை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஜெர்ரி லாசன் என்ற கறுப்பின இன்ஜினீயர். அவங்க முன்னால் இருந்த சிக்கலை யோசிச்சுப் பாருங்க. சர்க்யூட் போர்டை சாதாரண ஜனங்க கையில் கொடுத்து, தினமும் பத்து தடவை சொருகி உருவச் சொல்லணும். பின்கள் தேயக் கூடாது, கையில் இருக்கும் ஸ்டாட்டிக் மின்சாரம் பட்டு சிப் போயிடக் கூடாது. அதனால்தான் அந்த மஞ்சள் டப்பா, அந்தக் கால காரில் போடும் பெரிய பாட்டு டேப் மாதிரியே தடிமனா இருக்கும்.

அடுத்த வருஷம் வந்த அட்டாரி 2600, தூசி புகாமல் இருக்க கேசட்டின் வாயிலேயே ஸ்பிரிங் வெச்ச மூடி போட்டது. ஸ்லாட்டுக்குள் போகும்போது மட்டும் அது திறக்கும்.

ஒரே கேம், ரெண்டு டப்பா

இப்ப வரப்போறதுதான் சுவாரஸ்யம். 1983-ல் நின்டெண்டோ, ஜப்பானில் 'ஃபேமிகாம்' மெஷினை இறக்கியது. அதன் கேசட் குட்டியா, சிவப்பு, நீலம், மஞ்சள்னு மிட்டாய் கலரில் இருக்கும். கிட்டத்தட்ட பாட்டு கேசட் வைக்கும் பிளாஸ்டிக் உறையின் சைஸ். மேலே இருந்து சொருகணும், 60 பின்.

அதே மெஷினை 1985-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது பேரையும் மாத்தினாங்க, உருவத்தையும் மாத்தினாங்க. பேர் 'என்.இ.எஸ்'. அங்கே அப்போதுதான் வீடியோ கேம் மார்க்கெட் சரிந்து விழுந்திருந்தது. 'வீடியோ கேமா? வேணவே வேணாம்' என்ற மூடில் இருந்தாங்க கடைக்காரங்க. அதனால் மெஷினை வி.சி.ஆர் மாதிரி காட்டினாங்க. முன்பக்கக் கதவைத் திறந்து, கேசட்டை உள்ளே தள்ளி, கீழே அமுக்கணும். அதுக்கேத்த மாதிரி கேசட்டும் சாம்பல் நிறத்தில், 13 சென்டிமீட்டருக்கு மேல் உயரமா வளர்ந்தது. பிரிச்சுப் பார்த்தா சிரிப்பு வரும். பெரும்பாலான கேசட்டுகளில் பாதி இடம் சும்மா காற்றுதான்!

பின்களும் 72 ஆச்சு. கூடிய பின்களில் நாலு, ஒரு பூட்டு சிப்புக்கு. கேசட்டுக்குள் ஒரு சிப், மெஷினுக்குள் ஒரு சிப். ரெண்டும் பேசிக்கணும். பதில் வரலைன்னா மெஷின் கிட்டத்தட்ட நொடிக்கு ஒரு தடவை தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். என்.இ.எஸ்-ல் சிவப்பு விளக்கு மினுக் மினுக்னு அடிக்கும் வீடியோக்களை ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. காரணம் இதுதான். அமுக்கி அமுக்கி உள்ளே இருக்கும் கனெக்டர் தளர்ந்து போகும். ஒரு பின் சரியா தொடலைன்னாலும், ஒரிஜினல் கேசட்டையே திருட்டு கேசட்டுன்னு நினைச்சுக்கும் மெஷின். வி.சி.ஆர் வேஷம் போட்டதுக்குக் கொடுத்த விலை அது. 1993-ல் மறுபடி வடிவமைச்சப்போ, பேசாமல் மேலே இருந்து சொருகும் முறைக்கே திரும்பிட்டாங்க. பூட்டு சிப்பையும் எடுத்துட்டாங்க.

பூட்டுன்னு ஒண்ணு இருந்தா, அதைத் திறக்க ஒருத்தர் வரத்தானே செய்வார்? அட்டாரி கேம்ஸின் கிளையான டெங்கன், அந்த சிப்பின் புரோகிராமை அமெரிக்கப் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்திலிருந்தே ஒரு பொய்க் காரணம் சொல்லி வாங்கியது. அதை வெச்சு லைசென்ஸ் இல்லாமல் கேம் விற்றது. அந்த கேசட்டுகள் கறுப்பு நிறம், வளைந்த ஓரம். பார்த்த உடனே தெரிஞ்சிடும். அப்படி வந்ததுதான் 1989-ன் டெங்கன் டெட்ரிஸ். கோர்ட் தடையால் சில வாரங்களிலேயே கடைகளில் இருந்து காணாமல் போச்சு. இன்னைக்கு அந்தக் கறுப்பு டப்பாவைச் சேகரிக்கத் தனிக் கூட்டமே இருக்கு.

நம்ம ஊரில் 90-களில் ஓடிய டிவி கேம்களில் பெரும்பாலானவை ஃபேமிகாமின் டூப்ளிகேட்தான். அதனாலதான் நம்ம மஞ்சள் கேசட்டுக்கும் 60 பின். என்.இ.எஸ் கேசட்டை அதில் சொருகவே முடியாது. பூட்டு சிப் தொல்லையும் நமக்கு இல்லை. ஆனாலும் ஓடலைன்னா கேசட்டை எடுத்து 'ஃபூ'ன்னு ஊதினோமே? நியூயார்க் பையனும் அதையேதான் செய்தான். ஊதியதால் ஓடவில்லை. எடுத்துத் திரும்பச் சொருகியதில் பின்கள் வேற இடத்தில் தொட்டன, அவ்வளவுதான். மூச்சில் இருக்கும் ஈரம் பின்னை அரிக்கும். அதனால் ஊதாதீங்கன்னு நின்டெண்டோவே சொல்லியிருக்கு.

வெட்டுப்போட்ட மூலை

அடுத்து வந்த சூப்பர் நின்டெண்டோவில் சிப் பூட்டோடு பிளாஸ்டிக் பூட்டும் சேர்ந்துகொண்டது. அமெரிக்க மெஷினின் ஸ்லாட்டுக்குள் ரெண்டு சின்ன முளைகள். அமெரிக்க கேசட்டின் பின்பக்கம் அதுக்கேத்த ரெண்டு பள்ளங்கள். ஜப்பான் கேசட்டில் அந்தப் பள்ளம் கிடையாது. அதனால் உள்ளே இறங்காது. ஜப்பான் கேம் வேணும்னு ஆசைப்பட்ட அமெரிக்கப் பசங்க ஒரு கொறடா எடுத்து அந்த முளைகளை உடைச்சுப் போட்டாங்க. பிரச்னை தீர்ந்தது! 1996-ல் வந்த நின்டெண்டோ 64-ம் இதே வித்தையைத்தான் கொஞ்சம் மாத்தி வெச்சது.

ஆனா, இந்தப் பூட்டுகளில் எனக்கு ரொம்பப் பிடிச்சது கேம்பாய் கேசட்டின் மூலை வெட்டு. 1989-ல் வந்த முதல் கேம்பாயில் பவர் ஸ்விட்சைத் தள்ளினா, கூடவே ஒரு பிளாஸ்டிக் நாக்கும் நகர்ந்து அந்த வெட்டுக்குள் போய் உட்காரும். விளையாட்டு ஓடும்போது கேசட்டை உருவ முடியாது. ஒன்பது வருஷம் கழிச்சு கேம்பாய் கலர் வந்தது. கலரில் மட்டுமே ஓடும் கேம்களைக் கண்ணாடி மாதிரி தெரியும் டப்பாவில் விற்றாங்க. அதில் அந்த வெட்டை மட்டும் எடுத்துட்டாங்க. விளைவு? பழைய கேம்பாயில் போட்டா நாக்கு நகராது, ஸ்விட்சே ஆன் ஆகாது. புரோகிராம் இல்லை, சிப் இல்லை, ஒரு துண்டு பிளாஸ்டிக்கை வெட்டாமல் விட்டே வேலையை முடிச்சிட்டாங்க. செம இல்ல?

செகா பக்கம் கதையே வேற. அங்கே கேம் கம்பெனிகள் டப்பாவோடு விளையாடினாங்க. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் தன் கேசட்டைத் தானே தயாரிச்சது. அதனால் அதன் ஜெனிசிஸ் கேசட்டுகள் மற்றதைவிட உயரமா, ஓரத்தில் ஒரு மஞ்சள் பட்டையோடு இருக்கும். 1994-ல் வந்த 'சோனிக் அண்ட் நக்கிள்ஸ்' கேசட்டின் தலையிலேயே இன்னொரு ஸ்லாட். அதில் 'சோனிக் 3' கேசட்டைச் சொருகினா ரெண்டும் சேர்ந்து ஒரே பெரிய கேமாகிடும். கோட்மாஸ்டர்ஸ் இன்னும் ஒருபடி மேலே போய், 'மைக்ரோ மெஷின்ஸ் 2' கேசட்டிலேயே ரெண்டு கன்ட்ரோலர் சொருகும் ஓட்டை வெச்சது.

சைஸில் ரெண்டு எல்லைகள் உண்டு. 1987-ல் ஜப்பானில் வந்த பி.சி. இன்ஜினின் 'ஹியூகார்டு', ஏ.டி.எம் கார்டை விடக் கொஞ்சம்தான் தடிமன். 1990-ன் நியோ ஜியோ கேசட்டோ உள்ளே ரெண்டு சர்க்யூட் போர்டோடு, படம் பார்க்கும் வீடியோ கேசட் கனத்தில் இருக்கும். விலையும் அப்படித்தான், ஒரு கேம் சுமார் 200 டாலர்!

வாங்கப் போறீங்களா?

பழைய கேம்பாய் வாங்கி விளையாடுவது இப்ப ஒரு டிரெண்ட். ஆன்லைனில் போலி கேசட்டுகளும் குவிஞ்சு கிடக்கு, அதிலும் போக்கிமான். இங்கேதான் டப்பாவைப் படிக்கத் தெரிவது பணத்தைக் காப்பாத்தும்.

கேம்பாய் அட்வான்ஸ் கேசட்டின் அடிப்பக்கம் பின்களுக்கு மேலே போர்டின் ஓரம் தெரியும். ஒரிஜினலில் அங்கே நின்டெண்டோ பெயர் அச்சிட்டிருக்கும். ஸ்டிக்கரைச் சாய்ச்சு வெளிச்சத்தில் பார்த்தா, குட்டியா ஒரு எண் அழுத்திப் பதிஞ்சிருக்கும். போலிகள் பலவற்றில் அது இருக்காது. போக்கிமான் ரூபி, சஃபையர், எமரால்டு மூன்றும் ஒளி ஊடுருவும் கலர் டப்பாவில் வந்தவை. விற்பவர் மங்கலான சாம்பல் டப்பாவைக் காட்டினா நகர்ந்திடுங்க. டப்பாவைப் பிரிச்சு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. சிப்புக்குப் பதிலா தார் ஊத்தின மாதிரி கறுப்பு உருண்டை இருந்தா, அது நம்ம மஞ்சள் கேசட்டின் சொந்தக்காரன்தான்.

கடைசியா ஒண்ணு. என்.இ.எஸ்-ல் வந்த 'தி லெஜெண்ட் ஆஃப் ஸெல்டா'வின் தங்க நிற டப்பாவுக்குள் வாட்ச் பேட்டரி மாதிரி வட்டமா ஒண்ணு இருக்கும். விளையாடியதை சேவ் செய்து வைப்பது அந்த பேட்டரிதான். கேம்பாயின் பழைய போக்கிமான்களிலும் அப்படியே. நேரம் காட்டும் கடிகாரமும் சேர்ந்து ஓடும் கோல்டு, சில்வரில் அது இன்னும் சீக்கிரம் தீரும். பேட்டரி செத்தா, அதோடு யாரோ சின்ன வயசில் வளர்த்த பிக்காச்சுவும் போயிடும். பேட்டரியை போர்டில் ஈயம் வெச்சுப் பற்ற வெச்சிருப்பாங்க. அதைக் கழற்றிய நொடியில் சேவ் ஃபைல் அழிஞ்சிடும். அதனால் அண்ணனின் பழைய கேசட் கையில் கிடைச்சு, அது இன்னும் ஓடுதுன்னா, பேட்டரியை மாத்தும் முன் கேசட் ரீடர் ஒன்றில் சொருகி அந்த ஃபைலை லேப்டாப்புக்கு இறக்கிடுங்க. புது பேட்டரி போட்ட பிறகு அதையே திரும்ப கேசட்டில் ஏத்திக்கலாம்.