ஐரோப்பியக் கழகக் கால்பந்துப் போட்டிகளின் விரிவாக்கம்

பிரெஞ்சு விளையாட்டு நாளேடான லெக்கிப்பின் ஆசிரியர்களுள் ஒருவரான காப்ரியேல் ஆனோவின் யோசனையிலிருந்து 1955-இல் பிறந்தது ஐரோப்பியக் கோப்பை. முதல் தொடரில் 16 கழகங்கள் ஆடின. சொந்த மண்ணில் ஓர் ஆட்டம், எதிரணி மண்ணில் ஓர் ஆட்டம். இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்த்தபின் பின்தங்கிய அணி வெளியேற வேண்டியதுதான். 1987-இல் மாரடோனா ஆடிய நாப்போலி, முதல் சுற்றிலேயே ரியல் மாட்ரிட்டிடம் தோற்றுக் கிளம்பியது. ரசிகருக்கு அது விறுவிறுப்பு. முதலீட்டாளருக்கு வீணாய்ப்போன பணம். ஏசி மிலானின் உரிமையாளரும் தொலைக்காட்சி அதிபருமான சில்வியோ பெர்லுஸ்கோனி, பெரிய அணிகள் தொடர்ந்து மோதும் ஐரோப்பிய லீக் வேண்டும் என்றார்.

1991-92-இல் குழுச் சுற்று வந்தது. மறு ஆண்டு போட்டி சாம்பியன்ஸ் லீக் ஆனது; ஒளிபரப்பு உரிமையையும் விளம்பரத்தையும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ மொத்தமாக விற்கத் தொடங்கியது. 1997-இல் சில நாடுகளின் லீக்கில் இரண்டாமிடம் பெற்ற கழகங்களுக்கும் கதவு திறந்தது. 1998-இல் மிலான் நகரின் மீடியா பார்ட்னர்ஸ் நிறுவனம் தனி லீக் திட்டத்தைக் காட்டி மிரட்டியதும், 1999-2000-இல் அணிகள் 32 ஆயின, பெரிய நாடுகளுக்கு நான்கு இடங்கள் வரை கிடைத்தன. உள்நாட்டுக் கோப்பைகளை வென்ற அணிகளுக்கான கோப்பை வென்றோர் கோப்பை அதோடு மூடப்பட்டது. 2021 ஏப்ரலில் 12 கழகங்கள் தனியாகப் பிரிந்து சூப்பர் லீக்கை அறிவித்தன. ரசிகர்களின் கொதிப்பில் ஆறு இங்கிலாந்துக் கழகங்களும் இரண்டே நாளில் பின்வாங்கின. ஆனால் அறிவிப்பின் மறுநாளே சாம்பியன்ஸ் லீக்கை 36 அணிகளாக்கும் திட்டத்துக்கு யூஇஎஃப்ஏ ஒப்புதல் தந்திருந்தது. கழகங்கள் முறைக்கும், சங்கம் போட்டியைப் பெருக்கும். பல ஆண்டுகளாக நடப்பது இதுவே. 2024-25 முதல் எல்லா அணிகளும் ஒரே பட்டியலில், அணிக்கு எட்டு ஆட்டங்கள்; மொத்த ஆட்டங்கள் 125-லிருந்து 189 ஆயின.

அந்தப் பருவத்தில் பங்கேற்ற ஒவ்வொரு கழகத்துக்கும் கிடைத்த அடிப்படைத் தொகையே ஏறத்தாழ 1.86 கோடி யூரோ. சிறிய நாட்டில் இத்தொகை உள்ளூர் லீக்கையே சாய்த்துவிடும். பெலாரஸில் பாட்டே பரிசாவ் 2006 முதல் 2018 வரை தொடர்ந்து 13 முறை பட்டம் வென்றதற்கு ஐரோப்பிய வருமானம் பெரிதும் கைகொடுத்தது.

ஒப்பந்தம் முடிந்த வீரர் மாற்றுத்தொகையின்றிப் போகலாம், ஐரோப்பிய ஒன்றியத்து வீரர்களுக்கு எண்ணிக்கை வரம்பு கூடாது என்ற 1995 டிசம்பரின் போஸ்மான் தீர்ப்பு பணக்காரக் கழகங்களுக்கும் மற்றவற்றுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வைக் கூட்டியது. அவ்வாண்டு கோப்பை வென்ற அயாக்ஸிலிருந்து டேவிட்ஸும் க்ளுய்வர்ட்டும் அடுத்தடுத்து மிலானுக்குச் சென்றனர்; அயாக்ஸுக்குக் காசு வரவில்லை. ருமேனியாவின் ஸ்டேயுவா 1986-இலும் யூகோஸ்லாவியாவின் ரெட் ஸ்டார் 1991-இலும் வென்ற கோப்பை அது. 1996 முதல் 2024 வரை ஸ்பெயின், இங்கிலாந்து, இத்தாலி, ஜெர்மனிக்கு வெளியே அது போனது ஒரே முறை: 2004-இல் போர்ச்சுகலின் போர்ட்டோவுக்கு.

சிறிய நாடுகளுக்கு ஆறுதலாக 2021-இல் கான்ஃபரன்ஸ் லீக் தொடங்கப்பட்டது. முதல் நான்கு கோப்பைகளில் மூன்றைப் பெரிய நாட்டுக் கழகங்களான ரோமா, வெஸ்ட் ஹாம், செல்சி எடுத்துக்கொண்டன. 2024-இல் மட்டும் கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ் வென்றது.