கஞ்சா: பூவின் பெயர், செடியின் பெயர் ஆன கதை

‘கஞ்சாச் செடி’ என்று இன்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். பழைய வழக்கில் கஞ்சா என்பது செடியின் பெயரே அல்ல. வட இந்தியாவில் ஒரே செடியின் இலைக்கு பாங், பிசினுக்குச் சரஸ், பெண் செடியின் பூங்கதிருக்குக் கஞ்சா என்று மூன்று பெயர்கள். வடமொழியிலும் இந்தியிலும் வங்காளத்திலும் வழங்கிய கஞ்சா என்ற சொல் தமிழுக்கும் வந்தது.

பூவுக்கு ஏன் தனிப்பெயர்? விடை வங்காளத்தின் நவ்காவ் வயல்களில் இருக்கிறது. இன்று வங்கதேசத்தில் உள்ள அந்த ஊர்ப்பக்கத்தில், ஆங்கிலேயர் ஆட்சியில் உரிமம் பெற்ற உழவர்கள் கஞ்சா பயிரிட்டார்கள். டேவிட் பிரெய்ன் என்ற தாவரவியலாளர் 1893-ல் அதைப் பற்றி அறிக்கை எழுதினார். இந்தியக் கஞ்சா ஆணையத்தின் 1894 அறிக்கையும் அதை விரிவாகப் பேசுகிறது. அங்கே ‘போத்தார்’ என்றொரு ஆள் வயலில் இறங்குவார். போத்தார் என்றால் நாணயத்தை நோட்டம் பார்ப்பவர். நம் சங்க காலப் பெயர்களில் வரும் ‘வண்ணக்கன்’ செய்த அதே வேலை. இவரோ செடியை நோட்டம் பார்ப்பார். மகரந்தம் சிந்துமுன் ஆண் செடிகளை இனங்கண்டு பிடுங்கி எறிவார். சில ஆண் செடிகள் தப்பினாலும் பெண் பூ விதை பிடித்துவிடும். சரக்கின் மதிப்பு விழுந்துவிடும்.

போதை தரும் டெட்ராஹைட்ரோகன்னபினால் மிகுதியாகச் சேர்வது பெண் பூவைச் சுற்றிய நுண்சுரப்பி மயிர்களில். காலம் நீள்வதுபோலத் தோன்றுவது, நா வறட்சி, கண் சிவப்பு, பசி, சிலருக்குப் பதற்றம் ஆகியவற்றுக்கெல்லாம் அதுவே காரணம். இளவயதில் தொடர்ந்து புகைப்போருக்கு மனச்சிதைவு ஆபத்து கூடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்த வேதிப்பொருளை மெக்கூலம், கவோனி என்ற வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தது 1964-ல்தான். வேதியியல் அறியாத போத்தார் கண்ணாலேயே அந்தப் பூவின் அருமையை அறிந்திருந்தார். அறுத்த கதிர்களைப் பாயில் பரப்பிக் காலால் மிதித்துத் தட்டையாக்கினால் அது ‘சப்டா’, உருட்டினால் ‘கோல்’, உதிர்ந்தது ‘சூர்’.

இந்தச் சொல் பிறகு கப்பலேறியது. 1845 மே 10 அன்று ‘பிளண்டெல் ஹண்டர்’ கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஜமைக்காவின் ஓல்டு ஹார்பர் விரிகுடாவில் இறக்கியது. 1917 வரை 36,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் அங்கே போனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர். சென்னை வழியாகப் போன தமிழரும் உண்டு. கரும்புத் தோட்டங்களில் ‘கஞ்சா’வும் ‘சிலும்’ குழாயும் கறுப்பின மக்களின் வழக்காயின. ரஸ்தஃபாரி சமயத்தார் அதைப் புனிதமாகக் கொண்டார்கள். அங்கே பூ, இலை என்ற பாகுபாடு மங்கி, சொல் முழுச்செடிக்கும் ஆயிற்று. விதையில்லாப் பூவைக் குறிக்க ஜமைக்காக்காரர்கள் ‘சென்சி’ என்கிறார்கள். ‘விதையின்றி’ என்று பொருள்படும் ‘சின்செமில்லா’ என்ற ஸ்பானிஷ் சொல்லின் சுருக்கம் அது. நவ்காவில் கஞ்சா என்ற ஒரே சொல் சுமந்த பொருளுக்கு அங்கே வேற்றுமொழிச் சொல்லைக் கடன் வாங்க வேண்டியதாயிற்று. ஒரு சொல் பிறந்த தொழிலை விட்டுப் பிரிந்தால் கூர்மையை இழக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

ஜமைக்கா, இந்தியா ஆகிய இரு நாட்டுச் சட்டங்களும் இந்த வேறுபாட்டைப் பதிந்து வைத்திருக்கின்றன. ஜமைக்காவின் சட்டம் செடியின் எல்லாப் பகுதிகளையும் கஞ்சா என்கிறது. 2015 திருத்தத்துக்குப் பின் 2 அவுன்ஸ் வரை வைத்திருப்பது அங்கே கைதுக்குரிய குற்றமல்ல. இந்தியாவின் 1985 போதைப்பொருள் சட்டமோ பூக்கதிர், காய்க்கதிரை மட்டுமே கஞ்சா என்று வரையறுக்கிறது. கதிரோடு சேராத விதையும் இலையும் அதில் அடங்கா. 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு என்பதால் பிடிபட்டதில் கதிர் எவ்வளவு, இலை எவ்வளவு என்ற வாதம் நீதிமன்றங்களில் இன்றும் எழுகிறது.